கவிழ்த்த பாத்திரம்

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

'மதிப்புக்குரிய பிக்குணி அவர்களுக்கு' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும் என்றாள் உன் அண்ணி. துறவியை வீட்டுப் பிள்ளை மாதிரி கூப்பிடக் கூடாதாம். அப்படி எழுதிப் பார்த்து இரண்டு தாளைக் கிழித்தேன். தோளில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவளைத் 'தாங்கள்' என்று எழுதக் கை வரவில்லை. பொறுத்துக்கொள்.

மூன்று வருஷமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுகிறானே என்று நினைப்பாய். போன வருஷம் அம்மாவை அடக்கம் செய்த அன்று நீ வந்தாய். யாரும் உன்னோடு பேசவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டாய். நானாவது பேசியிருக்க வேண்டும். வந்தவர்களைக் கவனிப்பதிலேயே நேரம் போய்விட்டது.

எழுதும் காரணம் வேறு. நம் ஊர்ப் புத்த மடத்து நிர்வாகக் குழுத் தலைவர், அதுதான் நம் மருந்துக்கடைக்காரர், பட்டறைக்கு வந்திருந்தார். பூஜையில் கையில் பிடிக்கும் வெண்கல வஜ்ரம் தொலைந்ததே, அதற்குப் பதிலாக நானே ஒன்று செய்து தர வேண்டுமாம். "மூணு வருஷமா மணியை மட்டும் வெச்சுக்கிட்டு பூஜை நடக்குது. உங்ககிட்ட லேத் இருக்கு, கைப்பழக்கம் இருக்கு. வேற யார்கிட்ட போய்க் கேக்கறது?" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு போட்டோவைக் கொடுத்துவிட்டுப் போனார்.

படத்தைப் பார்த்து உருவத்தைக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன பொருள் என்று தெரியாமல் கடைந்தால் கதவுக் கைப்பிடி மாதிரி ஆகிவிடும். இத்தனை வருஷம் கூடத்தின் பின்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேனே தவிர, ஒன்றையும் கேட்டுக்கொண்டதில்லை. அந்தப் பொருட்களோடே இருந்தவள் நீ. முடிந்தால் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ போயிருக்கும் மலையில் குளிர் அதிகமாமே.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

கடிதம் கிடைத்தது. குளிர் பழகிவிட்டது.

கேட்டதற்குப் பதில். வஜ்ரத்தை வலது கையில் பிடிப்போம். அது கருணை, கருணை என்றால் மனசுக்குள் உருகுவது மட்டும் இல்லை, கையை நீட்டிச் செய்வது. மணி இடது கையில். அது ஞானம். உள்ளே வெறுமையாக இருப்பதால்தான் அது ஒலிக்கிறது. பூஜையில் இரண்டையும் நெஞ்சுக்கு நேராகக் குறுக்கே வைப்போம். ஒன்றில்லாமல் இன்னொன்று எதற்கும் உதவாது. மணியை மட்டும் வைத்து நடத்துகிறார்கள் என்றால், எல்லாம் தெரிந்தும் எதுவும் செய்யாமல் இருக்கிறார்கள் என்று பொருள்.

வஜ்ரத்தின் நடுவில் உள்ள உருண்டை, எதிலும் ஒட்டாத வெறுமை. அதன் இரண்டு பக்கமும் தாமரை. அதிலிருந்து பக்கத்துக்கு ஐந்து முனைகள். ஒன்று நேராக நிற்கும், நான்கு அதை நோக்கி வளையும். ஆசை, கோபம், கர்வம், பொறாமை, அறியாமை. இந்த ஐந்து விஷங்களையும் வெட்டி எறிவதாக யாரும் சொல்வதில்லை. உச்சியில் ஒன்று சேரும்போது அவையே ஐந்து ஞானங்களாக மாறுகின்றன என்பார்கள். நீளம் என் கைக்குப் பன்னிரண்டு விரற்கடை.

இதையெல்லாம் நினைவிலிருந்துதான் எழுதுகிறேன். இங்கே நான் பூஜைப் பொருட்களைத் தொடுவதில்லை. ஏழு தண்ணீர்க் கிண்ணங்களை அடுக்குவது, விளக்கு ஏற்றுவது எல்லாம் என்னைவிடப் பத்து வயது சின்னவள் ஒருத்தி செய்கிறாள். நான் தரை துடைக்கிறேன், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறேன். கூடத்துச் சாவி தொங்கும் ஆணிக்குப் பக்கமாகப் போகும்போது யாராவது என் கையைப் பார்ப்பார்கள். இங்குள்ளவர்கள் நல்லவர்கள். பார்த்துவிட்டு வெட்கப்பட்டு உடனே வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

வஜ்ரம் இருந்த அந்த அலமாரிக்கு இரண்டு சாவிதான். ஒன்று என்னிடம், ஒன்று பூட்டு மாட்டிய உன்னிடம். வஜ்ரம் காணாமல் போனபோது குழு உன்னைத்தான் கேட்டது. நீ சொன்னாய். அதற்குப் பிறகு குழு என்னை எதுவும் கேட்காமலே இந்த மலை மடத்துக்கு அனுப்பிவிட்டது.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


ஏப்ரல் 2

தங்கைக்கு,

விளக்கமாக எழுதியதற்கு நன்றி. கடைசிப் பத்தியை நான்கைந்து தடவை படித்தேன்.

முதலில் மரத்தில் ஒரு மாதிரி செய்தேன். உருண்டை வந்தது. தாமரை சுமாராக வந்தது. உன் அண்ணி பார்த்துவிட்டு முட்டைக்கோஸா என்று கேட்டாள். முனைகள்தான் மக்கர் பண்ணுகின்றன. நாலும் ஒரே மாதிரி வளைந்து வந்து நடுமுனையைத் தொடணும் இல்லையா, ஒன்று ஒட்டினால் இன்னொன்று விலகுகிறது. மேல் பக்கம் உடைந்த முனையின் வளைவு வேறு படத்தில் சரியாகத் தெரியவில்லை. மற்ற மூன்றைப் பார்த்து அதைப் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

பட்டறையில் வேலை குறைவு.

ஐந்து விஷம் என்று எழுதினாயே, பயம் அதில் சேராதா?

அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணா,

மடத்தில் வஜ்ரத்துக்கு இருக்கும் ஒரே படம் நான் எடுத்தது. பத்து முனைகளும் அதில் முழுசாக இருக்கின்றன.

முனை உடைந்தது என்று உனக்கு யார் சொன்னார்கள்?

தங்கை


மே 9

தங்கைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பிறகு பூட்டாமல் வைத்தேன். உன் அண்ணி எடுத்துப் படித்துவிட்டாள். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். இப்போது உனக்கு.

வஜ்ரத்தை யாரும் திருடவில்லை. நான் எடுத்தேன். ஒரு முனை லேசாக உள்ளே மடங்கியிருக்கிறது என்று நீதான் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது சொன்னாய். "தொடாதேண்ணா, அதுக்குன்னு இருக்கறவங்ககிட்ட அனுப்பணும்" என்றும் சொன்னாய். அது எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக இரும்பையும் பித்தளையையும் வளைத்துக்கொண்டிருப்பவனுக்கு, ஒரு விரல் நீள முனையை நிமிர்த்தத் தெரியாதா என்று. பட்டறை விடுமுறை நாளில் என் சாவியைப் போட்டு எடுத்துவந்தேன். நிமிர்த்திப் பளபளவென்று திருப்பி வைத்துவிட்டு உன்னிடம் காட்ட வேண்டும், நீ அசந்துபோக வேண்டும். இவ்வளவுதான் என் எண்ணம்.

வைஸ் இடுக்கியில் துணி சுற்றிப் பிடித்து, மரச் சுத்தியால் தட்டினேன். மூன்றாவது தட்டில் போய்விட்டது. பழைய வார்ப்பு வெண்கலம், பிஸ்கட் மாதிரி முறிந்தது. உள்ளே காற்றுக்குமிழி இருந்தது. சூடு காட்டிவிட்டுத் தட்டியிருக்க வேண்டும். நேற்று வேலைக்கு வந்தவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாமல் போயிற்று.

அன்றைக்கே வந்து சொல்லியிருந்தால் நீ திட்டியிருப்பாய், மருந்துக்கடைக்காரர் முகத்தைச் சுளித்திருப்பார், அவ்வளவுதான். நாளைக்குச் சொல்லலாம் என்று கழிவுத்துணியில் சுற்றிக் கீழ்த் தட்டில் போட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று ஐந்து நாள் போயிற்று. அதற்குள் குழு கூடிவிட்டது.

நான் நீ எடுத்தாய் என்று சொல்லவில்லை. இதை ஆயிரம் தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "கடைசியா யார் கையில பாத்தீங்க?" என்றார் மருந்துக்கடைக்காரர். "தங்கச்சி கையிலதான்" என்றேன். அது உண்மை, நீதான் தினமும் துடைப்பாய். "பையில எதாவது வெச்சாங்களா?" என்றார். "ஏதோ வெச்ச மாதிரி இருந்துச்சு" என்றேன். நீ பேனா வைத்திருப்பாய், துணி வைத்திருப்பாய். என் வாயில் ஒரு பொய்கூட இல்லை பார். அத்தனையும் சேர்ந்துதான் உன்னைத் திருடி ஆக்கியது.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். சொன்னால் ஒத்துக்கொண்டுவிடலாம் என்று இருந்தேன். நீ சொல்லவில்லை.

அம்மா விஷயம்தான் என்னைக் கொல்கிறது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அம்மா கேட்டாள். "அவளுக்கு என்னடா குறை? துறவின்னு போனவ ஏன் இப்படிப் பண்ணினா?" என்றாள். சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். "விடும்மா, அதெல்லாம் இப்ப எதுக்கு" என்றேன். விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

மன்னிப்பு என்று எழுதத் தகுதி இல்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

அண்ணன்


மே 20

அண்ணா,

இதை எழுதும் முன் தோட்டத்தில் ஒரு பாத்தி முழுக்கக் கொத்திவிட்டு வந்தேன். கோபத்தோடு எழுதக் கூடாது என்பது எங்கள் விதி. கோபம் போகவில்லை, கை மட்டும் ஓய்ந்திருக்கிறது.

எனக்கு எழுதியதோடு தீர்ந்தது என்று நினைத்துவிடாதே. நீ பேசியது கூடத்தில், முப்பது பேர் முன்னால். அதே இடத்தில் நின்று சொல். உடைந்ததையும் முனையையும் கையில் எடுத்துக்கொண்டு போ. 'தெரியாமல் நடந்துவிட்டது' என்று ஆரம்பிக்காதே. உடைத்ததுதான் தெரியாமல் நடந்தது. மற்றதெல்லாம் தெரிந்தே நடந்தது.

என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் மறைத்ததாக இருக்கக் கூடாது. துறவியின் மேல் வீண்பழி சுமத்தியவரிடம் சங்கம் பாத்திரத்தைக் கவிழ்க்கும். பிச்சைப் பாத்திரம்தான் எங்களுக்கும் வெளியுலகத்துக்கும் இடையே இருக்கும் ஒரே கதவு. கொடுக்கிறவருக்கு நல்லது செய்ய ஒரு வாய்ப்பு, வாங்குகிறவருக்குப் பணிவு. இரண்டும் அந்தக் கிண்ணத்துக்குள்தான் இருக்கிறது. அதைக் கவிழ்ப்பது என்றால், உன் கையிலிருந்து ஒரு கவளம் சோறுகூட வாங்க மாட்டோம் என்று பொருள். உன்னை யாரும் வையமாட்டார்கள், அடிக்கமாட்டார்கள். நீ கொடுப்பது வேண்டாம், அவ்வளவுதான். அதைவிடப் பெரியதாக எங்களிடம் எதுவும் இல்லை.

பயம் ஐந்து விஷத்தில் சேராதா என்று கேட்டிருந்தாய். உனக்குப் பயத்துக்கு முன்னால் கர்வம் வந்தது.

தங்கை


ஜூன் 14

தங்கைக்கு,

சொல்லிவிட்டேன்.

மாதக் கூட்டத்தில் எழுந்தேன். செருப்பில்லாத காலில் தரை ஜில்லென்று இருந்தது நினைவிருக்கிறது. வஜ்ரத்தை மணிக்குப் பக்கத்தில் வைத்தேன். முனையைத் தனியாக வைத்தேன். "இது திருட்டுப் போகலை. நான் உடைச்சேன், ஒளிச்சேன், தங்கச்சி மேல பழி விழறதைப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த மீதி எல்லாம் மறந்துவிட்டது.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். "புதுசு செஞ்சு குடுங்கன்னு உங்ககிட்டயே வந்து நின்னேனே" என்றார். மூத்த பிக்குணி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்க அம்மாவுக்குத் தெரியுமா?" இல்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் பாத்திரம் கவிழ்க்கப்பட்டது. என்னைக் கூப்பிட்டு எதிரிலேயே அறிவித்தார்கள். நீ எழுதியது சரிதான், குரல்கூட உயரவில்லை. மறுநாள் வழக்கம்போல விளக்குக்கு நெய் எடுத்துப்போனேன், பழக்கதோஷம். வாசல் பார்க்கிற பிக்குணி, நான் பிளம்பிங் வேலை செய்து கொடுத்தபோதெல்லாம் டீ கொடுப்பாரே, அவர்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஜாடியை நீட்டியபடியே இருந்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. கையை மட்டும் முன்னால் கொண்டுவரவில்லை. ஜாடியோடு திரும்பி வந்தேன். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் ஒரு பொருளைக் கையில் வைத்திருப்பது இவ்வளவு கனக்கும் என்று தெரியாது.

சொந்தக்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது. சித்தி போனை எடுப்பதில்லை. உன் அண்ணி சமைக்கிறாள், தட்டு வைக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை.

உன்னைத் திரும்ப அழைத்துச் சாவியைக் கொடுக்க வேண்டும் என்று குழு முடிவு செய்திருக்கிறது. கடிதம் வரும். நீ வா. அந்தக் கூடத்தில் தலை நிமிர்ந்து நில். எனக்கு அது போதும்.

அண்ணன்


ஜூலை 1

அண்ணா,

குழுவின் கடிதம் வந்தது. என் பொறுமையைப் பாராட்டி அரைப்பக்கம் எழுதியிருக்கிறார்கள்.

நீ உன்னுடையதைச் சொல்லிவிட்டாய். என்னுடையது பாக்கி இருக்கிறது.

எனக்குத் தெரியும். ஏப்ரலில் உன் கடிதத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தது போல் கேட்டேனே, அது நடிப்பு. வஜ்ரம் காணாமல் போன மறுநாள் அம்மாவைப் பார்க்க வீட்டுக்கு வந்தேன். உன் வேலைப் பை நாற்காலியில் இருந்தது. அதிலிருந்து மஞ்சள் பட்டு எட்டிப் பார்த்தது. வஜ்ரத்துக்கு நான் தைத்த உறை அது. என் தையல் எனக்குத் தெரியாதா? நீயே சொல்வாய் என்று போய்விட்டேன்.

கூட்டத்தில் நீ அப்படிப் பேசியபோது நான் திரும்பிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். நான் வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். திறக்கவில்லை. முதலில் அதிர்ச்சி. அப்புறம் எனக்குள் ஒன்று சொல்லிற்று: இருக்கட்டும், இவன் எவ்வளவு தூரம் போகிறான் என்று பார்ப்போம். எல்லோரும் அதைப் பொறுமை என்றார்கள். நானும் அப்படியே பெயர் வைத்துக்கொண்டேன். அது பொறுமை இல்லை. நான் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் உன் தலையில் பாரம் ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். அது ஏற வேண்டும் என்று இருந்தேன். தரை துடைக்கும்போதுகூட ஒரு மெல்லிய சுகம் இருந்தது.

இதற்கு மேல் எழுதுவது கஷ்டம். நான் மலைக்குக் கிளம்பும் முன் அம்மா மடத்துக்கு வந்தாள். நீ கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே நின்றிருந்தாய். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எடுத்தியாடி?" என்றாள். நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு சும்மா இருந்தேன். "இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் நம்பறேன்" என்றாள். சும்மா இருந்தேன். சொன்னால் 'அப்ப யாரு?' என்று கேட்பாள். உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். 'இல்லை' என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அம்மா அழுதுகொண்டே எழுந்து போனாள்.

ஆஸ்பத்திரியில் அவள் உன்னிடம் கேட்டாளே, அந்தக் கேள்வியை நான்தான் அவள் மடியில் கட்டி அனுப்பினேன்.

நேற்று இங்குள்ள சங்கத்தின் முன் இதைச் சொல்லிவிட்டேன். சாவி வேண்டாம் என்று குழுவுக்கும் எழுதிவிட்டேன், காரணத்தோடு.

தங்கை


ஜூலை 22

தங்கைக்கு,

படித்ததும் கோபம் வந்தது. எழுந்து பட்டறைக்குப் போய்ச் சும்மாவே லேத்தை ஓட்டிக்கொண்டு நின்றேன். தெரிந்துமா மூன்று வருஷம் என்னை வேகவிட்டாள் என்று. அப்புறம் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, தப்பில் துணைக்கு ஒரு ஆள் கிடைத்த மாதிரி. அந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே அருவருப்பாகிவிட்டது. நீ செய்தது உன் கணக்கு. அதில் ஒரு பங்கை எடுத்து என் பாரத்தைக் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.

மூத்த பிக்குணியைப் போய்ப் பார்த்தேன். முனையைப் பற்றவைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம். உடைந்த பூஜைப் பொருளை ஒட்டுப்போட்டும் வைப்பதில்லை, தூக்கியும் எறிவதில்லை. தோட்டத்தில் கட்டும் புது ஸ்தூபிக்கு உள்ளே வைத்து மூடிவிடுவார்களாம். "வெளியில தெரியாது. ஆனா உள்ள இருக்கும்" என்றார். புதியதை அதற்குரியவர்களே செய்கிறார்கள். நான் செய்வதாக இருந்ததை மருந்துக்கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பாத்திரத்தை நிமிர்த்தச் சொல்லி நான்தான் கேட்க வேண்டுமாம், மூன்று தடவை. முதல் தடவை கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தேன். "சத்தமா கேளுங்க, பின்னாடி இருக்கறவங்களுக்கும் கேக்கணும்" என்றார். கேட்டேன். மூன்று தடவையும் முடிந்ததும் சம்மதித்துவிட்டார்கள். ஆகஸ்ட் பத்தாம் தேதி காலை, வரிசையாக வந்து என் கையால் உணவு வாங்குவார்கள்.

நீ வருவாயா? நிற்க வேண்டாம், பேச வேண்டாம். வந்தால் போதும்.

அண்ணன்


ஆகஸ்ட் 13

அண்ணா,

நேற்று மலைக்கு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது.

வரிசையில் ஆறாவதாக நான் நிற்பேன் என்று உனக்குச் சொல்லவில்லை. அது இப்போது என் மடமில்லை, என் இடமும் இல்லை என்று மறுத்தேன். மூத்த பிக்குணிதான் நிற்கச் சொன்னார். எனக்கு முன்னால் இருந்த ஐந்து பேருக்கும் நீ நிதானமாகத்தான் போட்டாய். என் பாத்திரத்தைப் பார்த்தாய், முகத்தைப் பார்க்கவில்லை. கையை வைத்து அது யார் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கரண்டி சோறு போட்டாய். இன்னொரு கரண்டி. மூன்றாவது. விளிம்புக்கு வந்து, வழிந்து, என் விரல்மேல் சுட்டது. உணவு வாங்கும்போது நாங்கள் பேசக் கூடாது. "போதும்ணா" என்றேன். அதற்காக இங்கே வந்ததும் விதி மீறியதாகச் சொல்லிக்கொண்டேன். மூன்று வருஷத்தில் நான் உன்னிடம் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை விதிமீறலாகப் போயிற்று.

எல்லோரும் அத்துடன் முடிந்ததாக நினைத்தார்கள். மருந்துக்கடைக்காரர் உன் தோளைத் தட்டினார். முடியவில்லை என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் சித்தி வீட்டில் நடந்ததைத்தான் பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். நீ உன்னுடையதைச் சொன்னாய். நான் என்னுடையதைச் சொன்னேன். சித்தி கதவைப் பாதி திறந்தபடியே கேட்டாள். "அக்கா இருக்கறப்ப ரெண்டு பேருக்கும் வாய் இல்ல. இப்ப எங்கிட்ட வந்து சொல்றீங்க. நான் எங்க போய் அவகிட்ட சொல்ல?" என்றாள். கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. நீ கதவைத் தட்டப் போனாய், நான் உன் கையைப் பிடித்தேன்.

அவள் கேட்டதற்குப் பதிலைப் படித்த நூல்களில் தேடிவிட்டேன். உடைந்ததை வைக்க ஸ்தூபி இருக்கிறது, கவிழ்த்ததை நிமிர்த்த முறை இருக்கிறது. செத்துப்போன அம்மாவிடம் 'இல்லை' என்று சொல்ல எந்தச் சடங்கும் இல்லை.

அதனால் இதைச் செய். அடுத்த வாரம் மறுபடி சித்தி வீட்டுக்குப் போ. அவளுக்குத் தண்ணீர்க்குழாய் ஒழுகுகிறது, பார்த்தேன். கதவைத் திறந்தால் அதைச் சரிசெய். திறக்காவிட்டால் வெளியே படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வா. அதற்கு அடுத்த வாரமும் போ. அக்டோபரில் எனக்கு நான்கு நாள் அனுமதி கிடைக்கும். நானும் வந்து உன் பக்கத்தில் அந்தப் படியில் உட்காருகிறேன்.

தங்கை